கையில் கொடுக்கச் சொல்லுங்கள்

இசைவாணி கார் வாங்கப்போகிறாள் என்ற சேதியை முதலில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நெல் அறுக்கிற மிசின் வைத்து ஊர் ஊராக ஓட்டுகிறவள், ஒரு கார் வாங்கினால் என்ன அதிசயம்? அது எப்படிப்பட்ட கார் என்று தெரிந்த பிறகுதான் கள்ளக்குறிச்சி வட்டாரமே வாயைப் பிளந்தது. ரெண்டே ரெண்டு பேர் உட்காரும் கார். தரையை உரசிக்கொண்டு போகிற மாதிரி தாழ்ந்த கார். கண்ணை மூடித் திறப்பதற்குள் வேகம் பிடித்து, பார்த்தவன் "எங்கே போச்சு?" என்று தேடவேண்டிய கார். அதையும் மஞ்சள் நிறத்தில் கேட்டு வாங்கியிருந்தாள். "இம்மாம் துட்டு குடுத்து ஜேசிபி கலர்ல வாங்கறாளே" என்று நைனார்பாளையம் டீக்கடையில் ஒரு வாரம் சிரித்தார்கள்.

எதற்கு இந்தக் கார் என்று கேட்காத ஆள் இல்லை. பேங்கில் கேட்டார்கள், உரக்கடையில் கேட்டார்கள், அவளிடம் வண்டி ஓட்டுகிற பச்சமுத்துகூட தலையைச் சொறிந்துகொண்டு கேட்டுப் பார்த்தான். எல்லோருக்கும் ஒரே பதில்தான்.

"ஆசை."

ஒரு ஆம்பிளை ஆசைப்பட்டால் ஷோக்குப் பேர்வழி என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போவார்கள். பொம்பிளை ஆசைப்பட்டால், அதுவும் காலனிப் பொம்பிளை ஆசைப்பட்டால், காரணம் வேண்டும். இசைவாணிக்கு அந்த நியாயம் பிடிக்கவில்லை. அதனாலேயே அவள் காரணம் சொல்லவில்லை.

காரணம் ஒன்றும் இல்லாமல் இல்லை. கொஞ்ச வருஷத்துக்கு முன்னால் அவள் வாய்க்கால் ஓரமாக நஞ்சை நிலம் கேட்டாள். விற்கிறவரும் சரியென்றார், வெற்றிலை பாக்குகூட மாற்றியாயிற்று. மறுநாள் காலையில் வெற்றிலை பாக்கு திரும்பி வந்தது. பெரிய வீட்டு சுப்புராயன் இடையில் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். "காலனிக்கு நஞ்சை போச்சுன்னா அப்பறம் நமக்கு இன்னா மருவாதி?" அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்த ஊரில் யாரும் அவளுக்கு ஒரு சாண் மண்ணும் தரவில்லை. "மண்ணத் தர ஆளில்ல. கார்க்காரன் எந்தத் தெருன்னு கேக்காம தரான். அவங்கிட்டயே வாங்கிக்கறேன்" என்று அம்மாவிடம் மட்டும் சொன்னாள்.

அம்மா ஆயம்மாள் அதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை. "பெரிய வூட்டு ஐயா நல்ல மனுசன்டி. கூலிய ஒரு நாளும் கொறச்சதில்ல" என்றாள். அவள் அந்த வீட்டு வயலில் நாற்று நட்டே முதுகு வளைந்தவள்.

கூலியைக் குறைத்ததில்லை என்பது நிஜம். ஆனால் அந்தக் கூலியை அவர் எப்படிக் கொடுப்பார் என்பது இசைவாணியின் கண்ணை விட்டுப் போகவே இல்லை. களத்து மேட்டில் நின்றுகொண்டு, வரிசையில் வருகிற பெண்களின் ஏந்திய கைகளுக்கு ஒரு சாண் மேலேயிருந்து போடுவார். கூலியானாலும் அப்படித்தான், பொங்கலுக்கு வெல்லமானாலும் அப்படித்தான். கை மேல் கை படாது. ஏந்துகிறவள் கொஞ்சம் குனிய வேண்டும், இரண்டு கையும் ஒட்டியிருக்க வேண்டும். குழந்தையில் ஒரு பொங்கலன்று இசைவாணி சரியாக ஏந்தவில்லை. வெல்ல உருண்டை நழுவி வாய்க்காலில் விழுந்துவிட்டது. "கைய ஏந்தக்கூடத் தெரியல பாரு" என்று அவர் சிரித்தார். ஆயம்மாள் மகள் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். அடி வலித்ததைவிட அந்தச் சிரிப்புதான் அவளுக்கு வலித்தது.

இப்போது அந்தச் சிரிப்புக்காரரின் வயலையும் இசைவாணியின் மிசின்தான் அறுக்கிறது. வாடகை எல்லாம் போனிலேயே வந்துவிடும். அதனால் கையில் கொடுப்பதா, மேலிருந்து போடுவதா என்ற கேள்வியே இத்தனை நாள் எழவில்லை.

தை கழிந்து மாசி பிறந்த சமயம். கார் கம்பெனிக்காரர்கள் வண்டியைச் சும்மா கொடுக்க மாட்டோம், விழா எடுத்துத்தான் கொடுப்போம் என்றார்கள். சேலத்துக்காரர்கள், புதுச்சேரிக்காரர் ஒருவர், கள்ளக்குறிச்சிப் பக்கத்து ஆட்கள் என்று இந்தப் பக்கத்தில் வாங்கியவர்களை எல்லாம் ஒரே இடத்துக்கு வரவழைத்து, சாவியைக் கொடுத்து, அங்கேயிருந்து கல்வராயன் மலை ஏற்றத்தில் வரிசையாக ஓட்டவிடுவது என்று ஏற்பாடு. கோமுகி அணைக்குப் போகிற வழியில் ஒரு மாந்தோப்பைப் பிடித்துப் பந்தல் போட்டிருந்தார்கள்.

இசைவாணியின் புருஷன் ஊரில் ஒரு மிசினை மட்டும் விட்டுவிட்டு, மற்ற மிசின்களோடு திருவாரூர்ப் பக்கம் அறுப்புக்குப் போயிருந்தான். அறுப்புக் காலத்தில் விழா வைத்த கம்பெனிக்காரனை அவன் போனில் வைதுவிட்டு, "நீயும் அம்மாவும் போய் வாங்கிக்கினு வாங்க" என்றான். ஆக, பச்சமுத்து ஓட்டுகிற லோடு வண்டியில் முன்னால் மூன்று பேரும் நெருக்கியடித்து உட்கார்ந்து தோப்புக்குப் போய் இறங்கினார்கள். ஆயம்மாள் மடியில் ஒயர் கூடை. அதற்குள் எலுமிச்சம்பழமும் கற்பூரமும் ஒரு பூசணிக்காயும்.

வாசலில் ஒரு மாட்டு வண்டி நின்றது. மாட்டுக்குக் கொம்பில் பலூன் கட்டியிருந்தார்கள். இளவயது மேனேஜர் ஒருவர் கோட்டு போட்டுக்கொண்டு வியர்த்து வழிந்தபடி ஓடி வந்தார்.

"மேடம், நீங்க இந்த மாட்டு வண்டியில இருந்து இறங்கி வர்ற மாதிரி ஒரு ஷாட். வயல்ல இருந்து ஸ்போர்ட்ஸ் கார் வரைக்கும்னு உங்க கதையைத்தான் படமா எடுக்கறோம்."

"நான் மாட்டு வண்டில ஏறினதே இல்ல சார்" என்றாள் இசைவாணி. "எங்க ஊர்ல மாட்டு வண்டி வச்சிருந்தவங்க வேற. நாங்க பின்னால நடந்தவங்க."

மேனேஜர் சிரித்தார். புரிந்து சிரித்ததாகத் தெரியவில்லை. மாட்டு வண்டியை ஓரம் கட்டிவிட்டு அவர்களை உள்ளே கூட்டிப்போனார்.

உள்ளே பந்தலுக்கு நடுவில் சிவப்புக் கம்பளம். அதன் மேல் கார்கள் ஒன்றன் பின் ஒன்றாகப் பட்டுத்துணி போர்த்தி நின்றன. இரண்டு பக்கமும் பூந்தொட்டியும் கம்பியும் வைத்து அடைத்து, முன்னால் ஒரு அலங்கார வளைவு மட்டும் திறப்பு. முதலில் பணம் கட்டியவளுக்கு முதல் இடம். எனவே வளைவுக்கு நேர் எதிரே நின்றது இசைவாணியின் கார். அது நகர்ந்தால்தான் பின்னால் இருப்பது நகரும். துணிக்குக் கீழே மஞ்சள் லேசாகத் தெரிந்தது. அந்தத் துணியின் ஓரத்தை அவள் ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள். ஆசைப்பட்ட பொருள் என்பது லேசுப்பட்ட விஷயமா என்ன?

"சாவி வாங்கும்போது ரெண்டு கையையும் இப்படிச் சேர்த்து நீட்டுங்க மேடம். படத்துல நன்றியோட வாங்கற மாதிரி அழகா வரும்." மேனேஜர் இரண்டு உள்ளங்கையையும் சேர்த்துக் குழித்துக் காட்டினார். பாவம், அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்காமலே வந்திருந்தது.

"ஒரு கை போதும் சார். சாவி இன்னா படி நெல்லா?"

"சரி மேடம். இன்னொரு சர்ப்ரைஸ். சீஃப் கெஸ்ட் யாரு தெரியுமா? உங்க ஊர்ப் பெரியவர். அவர் கையாலதான் உங்களுக்குச் சாவி."

அவர் காட்டிய பக்கம் இசைவாணி திரும்பினாள். முன் வரிசை சோபாவில் வெள்ளை வேட்டியும் மல்லிகை மாலையுமாக சுப்புராயன். பக்கத்தில் அவர் மனைவி லட்சுமியம்மாள். பின்னால் மகன் தமிழரசன். வரிசையில் இரண்டாவது கார் தமிழரசனுடையது. காலனிக்காரி பந்தயக் கார் வாங்குகிறாள் என்று கேள்விப்பட்டு, அவன் அடம்பிடித்து வாங்கியது என்று ஊரில் பேச்சு.

ஆயம்மாள் அவரைக் கண்டதும் தோளில் கிடந்த முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். வயலில் அவர் வரும்போது செய்கிற காரியம். அவள் கைக்கே அது தெரியாது.

இசைவாணி அதைப் பார்த்தாள். பிறகு மேனேஜரிடம், "சரி சார். அவுரே குடுக்கட்டும். ஆனா கைல குடுக்கச் சொல்லுங்க" என்றாள்.

"கையிலதான் மேடம் குடுப்பாரு. வேற எதுல குடுப்பாங்க?"

"எதுக்கும் ஒரு வார்த்த சொல்லி வைங்க."

அவர் சொல்லி வைத்தாரோ இல்லையோ தெரியாது. மைக்கில் ஒரு பெண் இங்கிலீஷும் தமிழும் கலந்து விளாச ஆரம்பித்துவிட்டாள். செண்டை அடித்தார்கள். புகை விட்டார்கள். பட்டுத்துணி சரிந்து விழுந்தபோது மஞ்சள் கார் மாந்தோப்பு வெயிலில் தகதகவென்று நின்றது. சேலத்துக்காரர்கள்கூட எழுந்து நின்று கைதட்டினார்கள். ஆயம்மாள் மட்டும், "இன்னாடி இது, காருக்கு வயிறே இல்ல" என்றாள்.

சுப்புராயன் எழுந்து வந்தார். ஒரு தட்டில் சாவி இருந்தது. அதன் தோல் வளையத்தை இரண்டு விரலால் தூக்கினார். இசைவாணி வலது கையை நீட்டினாள். உள்ளங்கை மேலே பார்க்கவில்லை. கட்டைவிரல் மேலே இருந்தது. இன்னொரு மனுஷனிடம் கை குலுக்க எப்படி நீட்டுவோமோ அப்படி நீட்டியிருந்தாள்.

அவர் அந்தக் கையைப் பார்க்கவே இல்லை. காமிராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, ஒரு சாண் மேலேயிருந்து சாவியை விட்டார்.

சாவி அவள் சுண்டுவிரலில் பட்டுக் கம்பளத்தில் விழுந்தது.

வேண்டுமென்றே செய்தாரா? இசைவாணிக்கே அது உறுதியாகத் தெரியவில்லை. ஆயுசெல்லாம் அப்படியே கொடுத்துப் பழகிய கை, எதிரே காலனிக்காரியைக் கண்டதும் தானாகவே அந்த உயரத்தில் நின்றுவிட்டதோ என்னவோ. அவர் முகத்தில் குறும்பு இல்லை, கோபம் இல்லை. அதுதான் அவளுக்கு எரிச்சலைக் கிளப்பியது. ஒன்றுமே நடக்காத மாதிரி ஒரு முகம்.

சாவி விழுந்த மறு நொடி ஆயம்மாள் பாய்ந்துவிட்டாள். கூடையைப் போட்டுவிட்டு, குனிந்து, இரண்டு கையையும் நீட்டி. பூசணிக்காய் உருண்டு கார்ச் சக்கரத்தில் போய் முட்டியது. இசைவாணி அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம்மா."

"கீய கெடக்குதுடி."

"கெடக்கட்டும். நீ நிமிரு."

மேனேஜர் குனிந்தார். "தொடாதீங்க சார்" என்றாள் அவரிடம். அவர் பாதி வளைந்த மேனிக்கு அப்படியே நின்றார். செண்டைக்காரர்களுக்கு நிறுத்துவதா அடிப்பதா என்று தெரியாமல் ஒருவன் மட்டும் ரெண்டு தட்டுத் தட்டிவிட்டு ஓய்ந்தான்.

"கை தவறிப்போச்சு. எடுத்துக்கோ" என்றார் சுப்புராயன்.

"உங்க கை தவறல ஐயா. அது என்னிக்குமே தவறினதில்ல. எங்கம்மாவுக்கு அதே ஒசரத்துல இருந்துதான் போட்டுக்கினு இருந்துச்சு."

"இன்னா பேசற நீ? கூட்டத்துல வச்சு மானத்த வாங்கறியா?"

"நான் ஒண்ணுமே பண்ணலீங்களே. கைய நீட்டிக்கினு நிக்கறேன். எடுத்துக் கைல குடுங்க. வாங்கிக்கினு போறேன்."

நீட்டிய கையை அவள் மடக்கவே இல்லை.

மேனேஜருக்கு இது என்ன சண்டை என்றே விளங்கவில்லை. ஆனால் விழா கெட்டுப்போகிறது என்று மட்டும் புரிந்தது. காமிராக்காரர்களைப் பார்த்து, நிறுத்து நிறுத்து என்று சைகை காட்டினார். பிறகு ஓடிப்போய் ஒரு பெட்டியைக் கொண்டுவந்தார். "மேடம், இந்த வண்டிக்கு ரெண்டாவது சாவி இருக்கு. இதை நானே உங்க கையில குடுத்துடறேன். பிரச்சினை முடிஞ்சது."

"உங்களோட எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லியே சார். அத வூட்டுல கொண்டாந்து குடுங்க. அதுவரைக்கும் அந்தப் பொட்டியத் தொறக்காதீங்க. இப்ப எனக்கு அந்தச் சாவிதான் வேணும்."

பின்னால் முணுமுணுப்பு எழுந்தது. வெயில் ஏறினால் மலைப்பாதையில் ஓட்டுவது சிரமம் என்றார் புதுச்சேரிக்காரர். முன்னால் நிற்கிற மஞ்சள் வண்டியைத் தள்ளியாவது ஓரம் கட்டலாமே என்றார் சேலத்துக்காரர் ஒருவர். பூட்டிய வண்டி தள்ளினால் நகராது என்று மேனேஜர் கெஞ்சும் குரலில் சொன்னார். காசைக் கொட்டிக் காற்றைப்போல ஓடுகிற கார்களை வாங்கிவிட்டு, அத்தனை பேரும் ஒரு சாவிக்குப் பின்னால் கைகட்டி நின்றார்கள். இசைவாணிக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. ஆனாலும் கை வலிக்க ஆரம்பித்திருந்தது.

தமிழரசன் முன்னால் வந்தான். அவனுக்குத் தன் காரை ஓட்டிப் பார்க்கிற அவசரம். "விடுங்க, நான் எடுத்துக் குடுக்கறேன். அப்பாவுக்கு வயசாச்சு" என்றான்.

"நீங்க போடலீங்களே. நீங்க ஏன் எடுக்கணும்?"

அவன் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தான். சுப்புராயன் முகம் சிவந்துவிட்டது. மாலையைக் கழற்றி மகன் கையில் திணித்தார்.

"எனக்குத் தெரியும்டி உன் தைரியம் எங்கேந்து வருதுன்னு. எங்க நெல்லு சாஞ்சு கெடக்குது. மழ வேற வரப்போவுதுன்னு சொல்றாங்க. இன்னிக்கு நான் குனியலன்னா நாளைக்கு உன் மிசினு வராது. அதான? அத வச்சுத்தான ஆடற? போடி. நெல்லு முளைச்சாலும் முளைக்கட்டும். உனக்கு நான் குனிய மாட்டேன்."

அவருக்கு இப்போது வசதியாகிவிட்டது. மிரட்டலுக்குப் பணியாத பெரிய மனுஷர் என்று மார்பை நிமிர்த்திக்கொண்டார். கூட்டத்தில் ரெண்டு பேர் தலையாட்டவும் செய்தார்கள்.

இசைவாணி பின்பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தாள். "பச்சமுத்தண்ணா!"

பந்தல் காலில் சாய்ந்திருந்த பச்சமுத்து நிமிர்ந்தான்.

"நாளைக்குக் காலைல பனி காஞ்சதும் மிசின பெரிய வூட்டுக் கழனில எறக்கிடு. இங்க எது எப்டிப் போனாலும் சரி, எறக்கிடு. ஒரு கதிரு மழைல நனயக் கூடாது. வாடகையும் எப்பவும் வாங்கறதுதான். கேட்டுக்கினியா?"

"சரிம்மா."

அவள் சுப்புராயன் பக்கம் திரும்பினாள். "நெல்லுக்கும் இதுக்கும் சம்மந்தமில்ல ஐயா. நெல்லு எங்கம்மா நட்ட வயல்ல வெளஞ்சது. அத முளைக்க விட எனக்கு மனசு வராது. உங்கள யாரும் மெரட்டல. நீங்க போணும்னா போலாம். உங்க வண்டிக்கு வழி விடறதுக்கு மட்டும் அந்தச் சாவி வேணும். அது உங்க காலடில கெடக்குது."

அவள் திட்டியிருந்தால் சுப்புராயனும் திட்டியிருப்பார். மிரட்டியிருந்தால் வீறாப்பாக வெளியே போயிருப்பார். இரண்டுக்கும் வழியில்லாமல் போய்விட்டது. கீழே ஒரு சாவி, எதிரே ஒரு கை, இவ்வளவுதான் மிச்சம். அவர் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றார். போகவும் இல்லை, குனியவும் இல்லை.

அப்போது சோபாவிலிருந்து ஒரு குரல் வந்தது. லட்சுமியம்மாள். விழா தொடங்கியதிலிருந்து வாயைத் திறக்காதவள். விசிறி மட்டையால் விசிறிக்கொண்டே, அடுப்படியில் பேசுகிற தோரணையில் சொன்னாள்.

"குனிஞ்சு எடுங்க. இடுப்பு ஒண்ணும் ஒடிஞ்சு பூடாது."

"லட்சுமி!"

"இன்னா லட்சுமி? வூட்டுச் செலவுக்குக்கூட கட்டில்மேல விட்டெறிஞ்சிட்டுத்தான போவீங்க. நானும் ஒரு நாளாவது கைல குடுப்பீங்களான்னு பாத்துக்கினுதான் கீறேன். எடுத்துக் குடுங்க, வெயிலு ஏறுது."

யாரோ ஒருவர் சிரிப்பை அடக்கப் பார்த்து இருமினார். தமிழரசன் கம்பளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். சுப்புராயன் மனைவியைப் பார்த்தார். அவள் விசிறுவதை நிறுத்தவில்லை.

அவர் குனிந்தார். ஒரு கையால் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, மெதுவாகக் குனிந்தார். வெள்ளை வேட்டி கம்பளத்தில் புரண்டது. சாவியை எடுத்து நிமிர்வதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது. அதைப் பார்க்க இசைவாணிக்குப் பாவமாக இருந்தது. பாவம் என்று நினைத்தாள், ஆனாலும் நீட்டிய கையை இறக்கவில்லை. அவர் சாவியை அவள் கைக்கு நேராக, அவள் கை உயரத்துக்கே கொண்டுவந்தார்.

அந்தச் சமயத்தில்தான் ஆயம்மாள் நடுவில் புகுந்தாள்.

மகளை ஒதுக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். இடுப்பில் செருகிய முந்தானையை உருவித் தோளில் போட்டாள். கையை ஏந்தவில்லை. வலது கையை மட்டும் நீட்டி, அவர் விரலோடு சேர்த்துச் சாவியைப் பிடித்தாள். பிடித்தவள் உடனே இழுக்கவும் இல்லை. சுப்புராயன் திடுக்கிட்டுக் கையை எடுக்கப் பார்த்தார். அவள் விடவில்லை. நாற்று முடியை இறுக்கிக் கட்டிய விரல்கள் அவை, அவ்வளவு சீக்கிரம் விடுமா?

"வாங்கிக்கினேங்க" என்றாள், அவர் முகத்தை நேராகப் பார்த்து. அதற்குப் பிறகுதான் கையை விட்டாள்.

மேனேஜர் இதுதான் சமயமென்று கைதட்டினார். செண்டை மறுபடியும் முழங்கியது. என்னமோ நல்லது நடந்துவிட்டது என்று நினைத்து எல்லோரும் தட்டினார்கள். ஆயம்மாள் சாவியை மகள் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டாள்.

பச்சமுத்து எலுமிச்சம்பழங்களைப் பொறுக்கிச் சக்கரத்துக்கு ஒன்றாக வைத்தான். கற்பூரம் காட்டினார்கள். கம்பளத்தில் பூசணிக்காய் உடைக்கக் கூடாது என்று மேனேஜர் கையெடுத்துக் கும்பிட்டதால் அதை வாசலில் மாட்டு வண்டிக்குப் பக்கத்தில் உடைத்தார்கள். மாடு ஒரு துண்டைக் கவ்விக்கொண்டது.

மலை ஏறும்போது பக்கத்து இருக்கையில் கம்பெனியின் பயிற்சியாளர் உட்கார வேண்டும் என்பது ஏற்பாடு. அவர் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு வந்து பார்த்தபோது, அந்த இருக்கையில் ஆயம்மாள் ஒயர் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நடவுக்குக் குனிகிற மாதிரி குனிந்து சிரமமில்லாமல் நுழைந்திருந்தாள்.

"மேடம், ரூல்ஸ் என்னன்னா, முதல் தடவை எங்க ஆள்..."

"ரெண்டு சீட்டுதான சார் இருக்குது" என்றாள் இசைவாணி. "உங்காளப் பின்னால வர்ற லோடு வண்டில ஏத்திக்கோங்க. பச்சமுத்தண்ணன் பத்திரமா கூட்டியாருவாரு."

பட்டனை அழுத்தினாள். வண்டி உறுமிய சத்தத்தில் தோப்பில் இருந்த காக்கை எல்லாம் எழும்பின. எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. வளைவைத் தாண்டி மஞ்சள் கார் ரோட்டில் ஏறியது. கண்ணாடியில் பார்த்தபோது மற்ற கார்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் வந்துகொண்டிருந்தன.

அணைத் தண்ணீர் ஒரு பக்கம் மின்னிக்கொண்டே வந்து பிறகு மறைந்தது. ரோடு மேலே வளைந்து வளைந்து போனது. இசைவாணி முதலில் பயந்து பயந்துதான் ஓட்டினாள். சேற்றில் மெல்ல ஊர்கிற மிசினுக்குப் பழகிய காலுக்கு, தொட்டதும் பாய்கிற இந்த வண்டி பிடிபடக் கொஞ்ச நேரம் ஆனது. மூன்றாவது வளைவில் பிடிபட்டுவிட்டது. அவளுக்குச் சிரிப்பு பொங்கியது. நீட்டி வலித்த கையைத் தொடையில் தேய்த்துக்கொண்டே சத்தம் போட்டுச் சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை. தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

"இன்னாம்மா, பயமா கீதா?"

"ம்ஹூம்."

"அப்பறம் இன்னா?"

"அவுரு கை சில்லுனு இருந்துச்சுடி. வேர்த்து வேற கெடந்துச்சு." ஆயம்மாள் கையைப் புடவையில் துடைக்கப் போனாள், துடைக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டாள். "இத்தினி காலமா அந்தக் கைப்பட்ட சோத்தத் தின்னுக்கினு கீறேன். அது சூடா சில்லானு இன்னிக்குத்தான் தெரியும்."

இன்னொரு வளைவு வந்தது. இசைவாணி வண்டியைத் திருப்பி முடித்தாள். பிறகு, மனத்தில் உறுத்திக்கொண்டிருந்ததைக் கேட்டாள்.

"நான்தானம்மா கைய நீட்டிக்கினு நின்னேன். எனக்குக் குடுக்க வந்தாரு. நீ ஏன் நடுவுல பூந்து வாங்கின?"

ஆயம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது. அன்று முழுக்க வராத கோபம்.

"நீ இன்னிக்கு ஒரு வேள நீட்டினடி. அதுக்கே கை வலிக்குதுன்னு தேய்ச்சுக்கினு வர. நான் எத்தினி வருசம் ஏந்திக்கினு நின்னேன்? மொதல்ல எங்கைலதான குடுக்கணும்?"

இசைவாணிக்குக் கண்ணில் நீர் கட்டிக்கொண்டதால் ரோடு கலங்கித் தெரிந்தது. புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

"அழுவாத. ரோட்டப் பாத்து ஓட்டு" என்றாள் ஆயம்மாள். பிறகு கண்ணாடியில் எட்டிப் பார்த்தாள். பின்னால் தமிழரசனின் கார் ஒட்டிக்கொண்டு வந்தது, முந்தப் பார்த்து ஹாரன் அடித்தது.

"அவன் எதுக்கு அடிச்சிக்கினு வரான்?"

"முந்தணும்னு பாக்கறாம்மா."

"விடாத. மிதி" என்றாள் ஆயம்மாள்.

இசைவாணி மிதித்தாள்.